எலும்பிலிருந்து வெண்கலத்திற்கு

ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் (1898–1986) ஹெர்ட்ஃபோர்டுஷயரின் பெரி கிரீன் சிற்றூரில் வைத்திருந்த பட்டறையில் விலங்கெலும்புகளும் சக்கிமுக்கிக் கற்களும் கிளிஞ்சல்களும் குவிந்திருந்தன. கைக்கு அடக்கமான அத்துண்டுகளிலிருந்து சிறு மாதிரிகள் செய்து, அவற்றைப் படிப்படியாகப் பெரிதாக்கி வெண்கலத்தில் வார்ப்பது அவரது பிற்கால வழக்கமாயிற்று.

1961இல் அவர் படைத்த 'நிற்கும் உருவம்: கத்தி விளிம்பு' பறவையொன்றின் மார்பெலும்புத் துண்டிலிருந்து பிறந்தது. பறக்கும் பறவைகளின் மார்பெலும்பில், மரக்கலத்தின் அடிமரமாகிய ஏராவைப் போல ஒரு தகடு முன்னோக்கித் துருத்தி நிற்கிறது; சிறகை அடிக்கும் பெருந்தசைகள் பற்றிக்கொள்ள அகன்ற பரப்பு வேண்டும், ஆனால் எடை கூடவும் கூடாது என்பதால் அத்தகடு அகலமாகவும் மிக மெல்லியதாகவும் அமைந்துள்ளது. மூரின் உருவத்தையும் ஒரு பக்கம் நின்று பார்த்தால் விரிந்த உடலாகவும், சுற்றி வந்து பார்த்தால் கூரிய விளிம்பாகவும் தெரிவதற்கு இதுவே மூலம்.

இளமையில் கல்லையும் மரத்தையும் நேரடியாகச் செதுக்குவதே சிற்பியின் கடமை என்று வற்புறுத்தியவர் அவர். ஆனால் கல் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுவிசைக்கு எளிதில் உடைந்துவிடும். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் இரண்டையும் தாங்குவதால் மெல்லிய விளிம்புகளுக்கு இடம் தருகிறது. எலும்பிலும் கால்சியம் பாஸ்பேட் கனிமம் அழுத்தத்தையும், கொல்லாஜன் என்னும் புரத இழைகள் இழுவிசையையும் ஏற்கின்றன. கண்ணுக்கு எலும்பைப் போலத் தோன்றுவது பளிங்கே ஆயினும், குணத்தால் எலும்புக்கு நெருக்கமானது வெண்கலமே எனலாம்.

உள்ளமைப்பில்தான் இரண்டும் பிரிகின்றன. தொடையெலும்பின் மேல்முனையிலுள்ள நுண்சட்டங்கள், பாரந்தூக்கி ஒன்றில் விசை செல்லும் கோடுகளை ஒத்திருப்பதை 1860களில் சூரிச்சின் உடற்கூறியலர் ஹெர்மன் ஃபான் மேயரும் பொறியாளர் கார்ல் குல்மனும் கண்டனர்; சுமை மாறினால் எலும்பும் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது என்ற கொள்கையை 1892இல் யூலியுஸ் வோல்ஃப் நூலாக்கினார். (அவர் எண்ணிய அளவுக்கு ஒப்புமை துல்லியமானதல்ல என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து.) வெண்கலச் சிற்பமோ உள்ளே வெறும் பொள்ளல்: தடித்த வார்ப்பு ஆறும்போது சீரற்றுச் சுருங்கிக் குறைபடும் என்பதாலும், உலோகமும் எடையும் மிச்சமாகும் என்பதாலும் அவ்வாறு வார்க்கப்படுகிறது.

உயிரியலர் ஜூலியன் ஹக்ஸ்லி குடும்பத்தார் அளித்த யானை மண்டையோடு மூரின் பார்வையை உட்புறத்திற்கே திருப்பியது. பெரிய தசைகளுக்கு இடமளித்தும் கனம் கூடாதிருக்கும் பொருட்டு, அதன் எலும்புச் சுவர்கள் காற்றறைகளால் நிறைந்துள்ளன. அதன் குடைவுகளையும் வளைவுகளையும் 1969–70இல், தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையில், மூர் தொடர் படங்களாக வரைந்தார்.