தடம் மாற்றும் மோட்டார்

கோயம்புத்தூரிலிருந்து கணவாய் வழியாக வரும் தொடர்வண்டி பாலக்காடு சந்திப்பை அடைகிறது. அங்கிருந்து ஒரு தடம் ஷொர்ணூருக்கும் மற்றொரு தடம் பொள்ளாச்சிக்கும் செல்கின்றன. பேருந்தைத் திருப்புவதுபோல் தொடர்வண்டியை அதன் ஓட்டுநர் திருப்ப இயலாது. வண்டி எத்தடத்தில் செல்லும் என்பதைத் தரையிலுள்ள தடமாற்றியே முடிவு செய்கிறது. தொடர்வண்டித் துறையினர் இதனைப் ‘பாயிண்ட்’ என்பர்.

தடமாற்றியில் முனை கூராகச் சீவப்பட்ட இரண்டு தண்டவாளங்கள் உள்ளன. நாவைப்போல் அசைவதால் அவற்றை நாக்குத் தண்டவாளங்கள் எனலாம். ஒன்று அருகிலுள்ள நிலையான தண்டவாளத்தோடு ஒட்டும்போது மற்றொன்று விலகி நிற்கும். முற்காலத்தில் ஊழியர்கள் நெம்புகோலால் இவற்றை நகர்த்தினர். இன்று பெரும்பாலும் மின்மோட்டார் அப்பணியைச் செய்கிறது.

எந்த மோட்டாரையும் எந்தத் தடமாற்றியோடும் இணைத்துவிடலாமா? கூடாது. முதலில் வீச்சு, அதாவது தள்ளும் தொலைவு, பொருந்த வேண்டும். இந்திய அகலப்பாதையில் வழக்கமான தடமாற்றிக்கு 143 மில்லிமீட்டர் வீச்சுடைய இயந்திரமும், நாக்கு தடித்த புதுவகைத் தடமாற்றிக்கு 220 மில்லிமீட்டர் வீச்சுடைய இயந்திரமும் பொருத்தப்படுகின்றன.

அடுத்து, விசை பொருந்த வேண்டும். நாக்கின் இடையே கல் சிக்கினால், மோட்டார் விடாமல் தள்ளி எரிந்துபோகக் கூடாது. ஆகவே, உள்ளிருக்கும் உராய்வுக் கிளட்ச் அப்போது வழுக்கி, மோட்டாரைக் காக்கிறது.

நாக்கு சரியாக ஒட்டியதா என்பதையும் இயந்திரம் உணர வேண்டும். சோதனையின்போது நாக்குக்கும் நிலைத் தண்டவாளத்துக்கும் இடையே 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டை வைப்பர். அந்நிலையில் தடமாற்றி பூட்டிக்கொள்ளக் கூடாது. வண்டிக்குச் செல்லும் சைகையும் கிடைக்கக் கூடாது. நாக்கு ஒட்டாத இடைவெளியில் சக்கரத்தின் விளிம்பு நுழைந்தால் வண்டி தடம் புரளும். பயணிகளின் உயிருக்கே தீங்கு நேரும்.

மூணாறு மலைகளில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்குத் தொடர்வண்டி 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. இன்று இடுக்கி மாவட்டத்தில் தொடர்வண்டிப் பாதை இல்லை. எனினும், அறிவியல் கண்காட்சிக்குச் சிறு மாதிரி ஒன்றைச் செய்து இக்கருவியை அங்குள்ள மாணவரும் அறியலாம். மாதிரித் தடமாற்றிகள் சிலவற்றில், நாக்கை ஒருபுறமாகப் பிடித்துவைக்கும் சிறு வில் இருக்கும். அவற்றிற்குச் சட்டெனத் தள்ளும் மின்காந்தச் சுருள் மோட்டார் ஏற்றது. அச்சுருளுக்கு ஒரு நொடிப்பொழுதே மின்சாரம் தர வேண்டும்; தொடர்ந்து தந்தால் கருகிவிடும். வில் இல்லாத தடமாற்றிக்கு, மெல்லத் தள்ளி விடாது பிடித்து நிற்கும் மோட்டார் வேண்டும். மோட்டாரையும் நாக்கையும் வளையக்கூடிய மெல்லிய கம்பியால் இணைத்தால், மிகுதியான வீச்சைக் கம்பி ஏற்றுக்கொள்ளும், நாக்கு உடையாது.

ஆகவே, வலிமை மிக்க மோட்டார் எது என்று தேடுவதினும், தடமாற்றியின் தேவை யாது என்று முதலில் அறிவதே முறை.

பயிற்சி

1. உராய்வுக் கிளட்சின் பயன் யாது?
2. 5 மில்லிமீட்டர் துண்டை வைத்துச் சோதிப்பது ஏன்?
3. வில் உள்ள தடமாற்றிக்கும் வில் இல்லாததற்கும் ஏற்ற மோட்டார்களை ஒப்பிட்டு எழுதுக.