பெருநிறுவனமும் பொதுநெறியும்

ஒரு நாட்டுத் தபாற் கந்தோரில் இட்ட கடிதம் மறுநாட்டுக் கந்தோர் வழியே உரியவரைச் சேர்கின்றதன்றோ? அவ்வாறே வெவ்வேறு சேவையகங்களில் உள்ளோர் தம்முள் உரையாட வகுக்கப்பட்ட பொதுநெறியே அக்டிவிட்டிபப். 2018 இல் அது வலை நியமமாக விதந்துரைக்கப்பட்டது. மஸ்டொடன் முதலிய சமூகத்தளங்கள் அந்நெறியில் இயங்குவன.

2023 இல் திரெட்ஸ் தளத்தைத் தொடக்கிய மெற்றா நிறுவனம், அவ்வாண்டு டிசம்பரில் இந்நெறியோடு இணையும் சோதனையை ஆரம்பித்தது. பெரியோன் சிறியோர் கூட்டத்தை நாடும் நோக்கம் யாது? ஏகபோகக் குற்றச்சாட்டைத் தணிப்பதாகலாம். பிறர் ஆக்கங்களால் தன் தளத்தை நிரப்புவதாகலாம்.

முன்னிகழ்ச்சி ஒன்றுண்டு. கூகிள் டோக் 2006 இல் எக்ஸ்.எம்.பி.பி. என்னும் பொதுநெறியாற் பிற சேவைகளோடு இணைந்தது. 2013 இல் வந்த ஹாங்அவுட்ஸ் அவ்விணைப்பைக் கைவிட்டது. வெளியே நின்றோர் நண்பர்தம் தொடர்பை இழந்தனர்.

மஸ்டொடனில் ஒருவர் தம்மைப் பின்தொடர்வோரை உடன்கொண்டு வேறு சேவையகத்துக்குப் பெயரலாம். அவ்வுரிமையைப் பெருநிறுவனமும் அளிக்கின்றதா என்பதையே நேயர்கள் நோக்குதல் வேண்டும்.