ஒரே தாளம், 4,056 அடி!



முதலில் ஒரு சின்ன வேலை. பெஞ்சில் விரலால் இப்படித் தட்டுங்கள்:

டம் டகட டம் டகட டம் டம்
டம் டகட டம் டகட டகட டகட

எண்ணிப் பார்த்தால் முதல் வரியில் 10 அடி, இரண்டாம் வரியில் 14 அடி. மொத்தம் 24. “அவ்ளோதானா, ரொம்ப ஈஸி!” என்று தோணுதா? இதையே நிறுத்தாமல் சுமார் 15 நிமிஷம் அடிக்கணும். வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மொத்தம் 169 தடவை. 24 × 169 = 4,056 அடி! ஒருவர் இப்படி அடித்துக்கொண்டே இருக்க, அதன் மேல் எழுந்து நிற்கும் உலகப் புகழ் பெற்ற நடன இசைதான் ‘பொலேரோ’.

பிறந்த கதை

பொலேரோ என்பது ஸ்பெயின் நாட்டு நடனம் ஒன்றின் பெயர். இந்த இசையை எழுதியவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மொரிஸ் ராவெல் (1875–1937). இடா ரூபின்ஸ்டீன் என்ற நடனக் கலைஞர், தான் ஆடுவதற்கு ஸ்பெயின் பாணியில் ஓர் இசை வேண்டும் என்று அவரிடம் கேட்டார். ஸ்பெயின் இசைக் கலைஞர் அல்பெனிஸ் பியானோவுக்கு எழுதியிருந்ததை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றித் தரலாம் என்று ராவெல் முதலில் நினைத்தார். ஆனால் அந்த உரிமை வேறொருவரிடம் இருந்தது. சரி, நாமே புதுசா எழுதிடலாம் என்று எழுதியதுதான் இது. 1928 நவம்பர் 22-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் முதன்முதலாக ஆடப்பட்டது. ஒரு விடுதியில் மேஜை மேல் ஒரு பெண் தனியாக ஆடத் தொடங்குவாள். சுற்றியிருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவளைப் பார்த்து எழுந்து வருவார்கள். கதை அவ்வளவுதான்!

எப்படி வளர்கிறது?

நம்ம ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருவிழாவில் சினிமாப் பாட்டுப் பாடும் இன்னிசைக் கச்சேரி ஞாபகம் வரும். இது வேற. பாட்டே கிடையாது. ஏறக்குறைய நூறு பேர் உட்கார்ந்து, எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பார்கள்.

பொலேரோவில் இருப்பது இரண்டே மெட்டு. அவை மாறி மாறி மொத்தம் 18 தடவை வரும். அப்போ போர் அடிக்காதா? அங்கேதான் ராவெலின் சாமர்த்தியம். மெட்டை மாற்றவில்லை, அதை வாசிக்கிற கருவியை மாற்றிக்கொண்டே போனார். முதலில் புல்லாங்குழல் தனியாக, அப்புறம் கிளாரினெட், பிறகு சாக்ஸபோன் என்று ஒவ்வொன்றாக வரும். வயலின்காரர்கள் ரொம்ப நேரம் மெட்டுப் பக்கமே போகமாட்டார்கள். கடைசிப் பகுதியில்தான் அவர்களுக்கு மெட்டு கிடைக்கும். இப்படி ஆள் சேரச் சேரச் சத்தம் தானாகவே பெருகும். வேகம் மட்டும் அப்படியே இருக்கும். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று சுருதி மாறும். அவ்வளவு நேரம் மாறாமலே கேட்டதால் அந்த ஒரு மாற்றம் நம்மைத் தூக்கிப் போடும்!

வேகத்தில் ராவெல் ரொம்பக் கண்டிப்பு. 1930-இல் டோஸ்கனினி என்ற பெரிய இசை நடத்துநர் பாரிஸில் இதை வேகமாக நடத்தினார். கூட்டம் கை தட்டியது. ராவெலுக்கோ பிடிக்கவே இல்லை.

பனிக்கட்டி மேல் பொலேரோ

இந்த இசையைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது ஒரு விளையாட்டுப் போட்டி. 1984 குளிர்கால ஒலிம்பிக், சரயேவோ நகரம். அப்போது அது யூகோஸ்லாவியா, இப்போது போஸ்னியாவின் தலைநகர். இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் என்ற ஜோடி பனிச்சறுக்கு நடனப் போட்டிக்கு வந்தது. ஜேன் முன்பு இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. டீன் போலீஸ்காரர்.

போட்டி விதிப்படி 4 நிமிடம் 10 வினாடிக்கு மேல் ஆடக் கூடாது. பொலேரோவைச் சுருக்கிப் பார்த்தார்கள். 4 நிமிடம் 28 வினாடிக்குக் கீழே வரவில்லை. மீதி 18 வினாடிக்கு என்ன செய்வது? விதியை நன்றாகப் படித்தார்கள். காலணியின் இரும்புத் தகடு பனியில் பட்டுச் சறுக்கத் தொடங்கிய பிறகுதான் கடிகாரம் ஓடும்! அதனால் இருவரும் முழங்காலிட்டு, கையையும் உடம்பையும் மட்டும் அசைத்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். பிப்ரவரி 14-ஆம் தேதி அவர்களுக்குத் தங்கம் கிடைத்தது. கலையழகுக்கு 9 நடுவர்களும் முழு மதிப்பெண்ணான 6.0 கொடுத்தார்கள். தொழில் நுட்பத்துக்கு 3 பேர் 6.0 கொடுத்தார்கள். ஆக மொத்தம் 12!

1992-இல் தொடங்கிய போரில் அந்த அரங்கம் சேதமடைந்தது. பிறகு அதைச் சீரமைத்தார்கள். 2014-இல் இருவரும் சரயேவோவுக்கே போய் மறுபடியும் பொலேரோ ஆடினார்கள்.

அந்த ஒருவர்

எல்லாரும் ராவெலைப் புகழ்கிறார்கள், நடத்துநரைப் புகழ்கிறார்கள், ஆடியவர்களைப் புகழ்கிறார்கள். எனக்கு என்னமோ அந்தச் சைடு டிரம் அடிப்பவர்தான் ஹீரோ என்று தோன்றுகிறது. ஆரம்பத்தில் காதுக்கு எட்டுதா இல்லையா என்கிற மாதிரி மெல்ல அடிக்கணும். மெல்ல அடிப்பதுதான் கஷ்டம், கை நடுங்கினால் உடனே தெரிந்துவிடும். மெட்டு அவருக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காது. போஸ்டரில் அவர் பேர் வராது. ஆனால் அவர் ஓர் அடி தடுமாறினால் அத்தனை பேரும் தடுமாறிப் போவார்கள். அவர் மாறாமல் நிற்பதால்தான் மற்றவர்கள் மாறி மாறி ஜொலிக்க முடிகிறது. நம் வீட்டிலும் பள்ளியிலும் இப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரே ஒரு எச்சரிக்கை: ஆரம்பத்தில் ஒண்ணுமே கேக்கலையே என்று வால்யூமைக் கூட்டிடாதீங்க. கடைசியில் வீடே அதிரும்!

சரி, பெஞ்சில் தட்டினீர்களே, எத்தனை தடவை வந்தது? 169 வரைக்கும் தடுமாறாமல் தட்டியவர்கள் வந்து சொல்லுங்கள். (பாட வேளையில் வேண்டாம், டீச்சர் திட்டுவாங்க!)

- ஒன்பதாம் வகுப்பு மாணவி