கட்டைகளில் ஒளிந்திருக்கும் முகம்

லெகோ என்னும் பொம்மைக் கட்டைகளால் ஓவியம் அமைக்கும் போட்டிகளை மேலைநாட்டு ஆர்வலர் கழகங்கள் நடத்துவதுண்டு. டென்மார்க்கில் 1958-இல் காப்புரிமை கோரப்பெற்ற இக்கட்டைகளுள் மிகச் சிறியது 8 மி.மீ. சதுரம். பக்கத்திற்கு 48 வீதம் 2,304 சதுரங்களைப் பதித்தால் ஒரு முகமே உருவாகிவிடும்!

ஆனால், அருகில் நின்றால் வண்ணக் கட்டங்களே தெரியும். பின்னே நகர்ந்தால்தான் முகம் தோன்றும். ஏன்?

நம் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம், ஒரு பாகையில் ஏறத்தாழ 60-இல் ஒரு பங்கு. 8 மி.மீ. சதுரம் இக்கோணத்திற்குள் அடங்க, சுமார் 27 மீட்டர் விலகவேண்டும். முகத்தை அடையாளம் காண அவ்வளவு தொலைவு வேண்டியதில்லை. முகத்தை மறைப்பவை கட்டங்களின் கூரிய விளிம்புகளே. அவை சற்று மங்கினாலே போதும். இதனை 1973-இல் ஹார்மன், ஜூலெஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் லிங்கனின் கட்டப்படத்தைக் கொண்டு விளக்கினர்.

கிட்டப்பார்வை உடையவரா நீங்கள்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கட்டங்கள் கலைந்து முகம் தெளியும்!

ஆகவே, மேசைமீது குனிந்தபடியே, 'சரியாக அமையவில்லை' என்று பல நாள் உழைப்பைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். எழுந்து சில அடி பின்னே சென்று பாருங்கள். பரிசுக்குரிய முகம் அங்கே காத்திருக்கக்கூடும்.