மாப்பாணர் என்னும் பெயர்

துணுக்காய்க்கு அயலதாகிய பனங்காமம் முதலிய பற்றுக்களை ஆண்ட வன்னியருட் சிலர் மாப்பாணர் எனவும் வழங்கப்பெற்றனர். யாழ்ப்பாணக் கொமாந்தராயிருந்த சுவார்தக்குறோன் 1697இல் எழுதிவைத்த குறிப்பிலே தொன் பிலிப்பு நல்லமாப்பாணன் என்பார் பெயர் காணப்படும். 'தொன்', 'பிலிப்பு' என்பன பறங்கியர் தந்தவை, எஞ்சியது தமிழ். ஒல்லாந்த எழுத்தர் செவிக்குப் பட்டவாறே எழுதினராதலின், ணகர னகர வேறுபாட்டை ஆங்குத் தேடற்க.

1734இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் கட்டுவித்தவர் இரகுநாத மாப்பாண முதலியார். பெயரொப்புமை ஒன்றே பற்றி இருவரையும் ஒரு குடியினர் என்றல் பொருந்துமோ? அயர்லாந்தினர் பெயர்முன் நிற்கும் 'ஓ' பேரன் எனப் பொருள்பட்டு மரபினைக் காட்டும். தமிழர்க்கோ முன்னிற்பது தந்தை பெயரே. மாப்பாணர் என்பது பட்டமாயின் பல குடிக்கும் உரித்தாகும். தோம்பிற் காணிவழியும் சீதன உறுதியும் ஒத்துவந்தாலன்றி உறவு பெறப்படாது.