முடிவும் துவக்கும்



சென்ற நத்தார் விடுமுறையில் ஓரிரவு எங்கள் வீட்டில் நால்வர் கூடியிருந்து ஆங்கிலப் படமொன்று பார்த்தோம். படம் முடிந்ததும் மூவர் மூன்று விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். உயர்தர வகுப்பிற் கணிதம் படிக்கும் மகள் சிரித்தாள். மனைவியின் தம்பி சினந்தார். மனைவி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தமக்குப் படம் பிடித்துக்கொண்டது என்றார். ஒரு படைப்பைக் கண்டவர்கள் ஏன் இவ்வாறு வேறுபடுகின்றனர் என்பது கவிதைக்கும் காவியத்துக்கும் உரிய வினாவே. ஆகவே இவ்வார உரையை அதற்கென ஒதுக்குகிறேன்.

நாங்கள் பார்த்த படம் ‘எண்ட் ஒஃப் டேய்ஸ்’. ‘இறுதி நாட்கள்’ எனத் தமிழில் வழங்கலாம். 1999 நவெம்பர் 24ஆம் திகதி அமெரிக்காவில் திரைக்கு வந்தது. நெறியாள்கை, ஒளிப்பதிவு ஆகிய இரண்டும் பீற்றர் ஹையம்ஸ். கதாநாயகன் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகர். 1997இல் இருதய வால்வுச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பின்னர் அவர் நடித்து வெளிவந்த முதற் படம் இது.

கதை இதுதான். 1979இல் நியூயோர்க்கில் ஒரு பெண்குழந்தை பிறக்கிறது. 1999ஆம் ஆண்டின் கடைசி இரவில், நள்ளிரவுக்கு முந்திய ஒரு மணித்தியாலத்துள் சாத்தான் அவளைக் கூடினால் உலகம் அவன் வசமாகிவிடும் என்பது கதைக்கு அடிப்படை. அந்தக் குழந்தையைக் கொன்றுவிட்டால் ஆபத்து நீங்கும் என்று வத்திக்கானிற் சிலர் கருதுகின்றனர். பாப்பரசரோ அதற்கு இணங்காது, அவளைக் காக்கவேண்டும் என்கிறார். ஆண்டுகள் இருபது கழிகின்றன. சாத்தான் ஒரு வங்கியாளரின் உடலிற் புகுந்து அவளைத் தேடி அலைகிறான். அவளைக் காக்க வருபவன் ஜெரிக்கோ கேன் என்னும் முன்னாட் பொலிஸ்காரன். மனைவியையும் மகளையும் கொலைகாரருக்குப் பறிகொடுத்தவன். படத்தில் அவனை நாம் முதன்முதற் காணும்போது, கைத்துப்பாக்கியைத் தன்மீதே நீட்டியபடி இருக்கிறான்.

படத்துக்கு ஏறத்தாழ 10 கோடி டொலர் செலவாயிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் திரும்பி வந்தது ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம். உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 21 கோடி. விமர்சகர்களிற் பெரும்பாலோர் கடிந்தே எழுதினர். ஆண்டுதோறும் மோசமான படங்களுக்கு வழங்கப்படும் ‘ரஸி’ என்னும் கேலிப் பரிசுக்கு நாயகன், நெறியாளர், சாத்தானாக நடித்த கேப்ரியல் பேர்ண் ஆகிய மூவருமே பிரேரிக்கப்பட்டனர். அதே 1999இல் ‘ஸ்டிக்மாற்றா’ என்னும் வேறொரு படத்திற் கத்தோலிக்கக் குருவாகத் தோன்றியவரும் இந்தப் பேர்ண்தான்! இவ்வளவு ஏச்சு வாங்கிய படத்தை, அது குறித்த ஆண்டு கடந்து கால் நூற்றாண்டாகியும் மனிதர் பார்த்து விவாதிக்கின்றனர்.

இனி அந்த மூன்று தீர்ப்புகளுக்கு வருவோம்.

முதலிற் சிரிப்பு. “அப்பா, 666ஐக் கவிழ்த்துப் பார்த்தால் 999, அதாலை 1999 எண்டு அந்தப் பாதிரியார் சொல்லுறார். முன்னாலை நிக்கிற ஒண்டு எங்கையிருந்து வந்தது?” என்று மகள் கேட்டாள். கணித மாணவி கேட்கவேண்டிய கேள்விதான். 666 என்பது விவிலியத்தின் இறுதி நூலில், 13ஆம் அதிகாரத்தில் வரும் எண். அந்நூல் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. கிரேக்கர் அக்காலத்தில் எழுத்துக்களையே எண்களாகப் பயன்படுத்தினர். கவிழ்த்தால் ஒன்பதாகும் ஆறு அவர்களிடம் இருக்கவில்லை. நாயகன்கூட ஓரிடத்தில், சாத்தான் பார்ப்பது அமெரிக்கக் கிழக்குக் கரையின் நேரத்தையா என்று கேலியாகக் கேட்கிறான். பார்வையாளர் கேட்கக்கூடிய கேள்வியைப் படமே முந்திக் கேட்டுவிட்டது, விடைதான் தேறவில்லை.

இன்னுமொன்று. நாம் வழங்கும் ஆண்டுக் கணக்கிற் சுழியம் என்று ஓர் ஆண்டு இல்லை. 1இலிருந்தே கணக்குத் தொடங்குவதால், இரண்டாவது ஆயிரமாண்டு முடிந்தது 2000 டிசெம்பர் 31இல். இதை அக்காலத்தில் ஓயாது எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவர், 2008இல் மறையும்வரை கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சீ. கிளார்க். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிளார்க்கின் நாவலொன்றை 1984இல் ‘2010’ என்ற பெயரிற் படமாக்கியவர் இதே பீற்றர் ஹையம்ஸ்தான். கொழும்பிலிருந்த எழுத்தாளரும் அமெரிக்காவிலிருந்த நெறியாளரும் கணனியையும் தொலைபேசி இணைப்பையும் கொண்டு அன்றே கடிதப் பரிமாற்றம் செய்தனர். அக்கடிதங்கள் நூலாகவும் வந்தன.

ஆயினும் 1999இல் மக்கள் கொண்டிருந்த அச்சம் பொய்யன்று. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பதிந்து வைத்திருந்த கணனிகள், 2000 பிறந்ததும் தடுமாறிவிடும் என்று அரசாங்கங்களே அஞ்சி ஆயத்தஞ் செய்தன. அந்த அச்சத்தைக் காசாக்கவே படம் அவ்வாண்டின் இறுதியில் வந்தது. 2000 ஜனவரி முதலாந் திகதி பொழுது வழமைபோல விடிந்தது. படத்தின் பயமுறுத்தலும் அன்றோடு பழசாயிற்று. தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன நான்கு காரணங்களுள் எள்ளல் ஒன்று, பேதைமை ஒன்று. மகளின் சிரிப்பு அவ்விரண்டாலும் விளைந்தது.

அடுத்தது சினம். மைத்துனர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன். “என்ன அத்தான், இவ்வளவு நேரமும் சுட்டுச் சுட்டு வந்தவன் கடைசியிலை துவக்கைக் கீழை வைச்சிட்டான்! இதுக்கோ இரண்டு மணித்தியாலம் முழிச்சிருந்து பார்த்தனாங்கள்?”

இந்த முறைப்பாட்டையும் தள்ளிவிட முடியாது. ‘டேர்மினேற்றர்’ முதலான படங்களால் ஷ்வார்ஸ்நெகர் என்றாலே தோள்வலியும் துவக்கும் என்று பார்வையாளர் பழகிவிட்டனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் பெருமிதமும் அடங்கும். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. சாத்தான் கதை அணங்கினால் வரும் அச்சத்தைத் தருவது. சண்டைப்படம் தருவதோ தறுகண்மையால், அதாவது அஞ்சாமையால் வரும் பெருமிதம். இவ்விரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் ஒன்றையொன்று கெடுக்கும். நாயகன் எதற்கும் அஞ்சாதவன் என்றால், பார்ப்பவனுக்கு எங்கிருந்து அச்சம் வரும்? குண்டு துளைக்காத பகைவன் என்றால், நாயகனின் துவக்கால் என்ன பயன்? திகில் நாடிச் சென்றவர்களும் சண்டை நாடிச் சென்றவர்களும் அரைவயிற்றோடு எழுந்து வந்தமைக்குக் காரணம் இதுவென்றே எண்ணுகிறேன்.

மூன்றாவது, மனைவியின் தீர்ப்பு. “எனக்கு அந்த இடத்திலைதான் படம் பிடிச்சது. சுடுறது லேசு. கையிலை இருக்கிறதைக் கீழை வைக்கிறதுதான் கஷ்டம்” என்றார்.

அந்த இடத்தை நேயர்களுக்குச் சொல்லவேண்டும். படத்தின் நடுவே ஒரு குருவானவரிடம், விசுவாசமா கைத்துப்பாக்கியா என்றால் தான் துப்பாக்கியையே தேர்வதாக ஜெரிக்கோ சொல்கிறான். பின்னர் சாத்தான் அவன் வீட்டுக்கே வந்து, இறந்த மனைவியையும் மகளையும் கண்முன் காட்டி, அந்தப் பெண் இருக்குமிடத்தைச் சொன்னால் இவர்களை மீட்டுத் தருவேன் என்கிறான். ஜெரிக்கோ மறுக்கிறான். கடைசியில், தேவாலயத்துள் கனத்த ஆயுதத்தோடு நிற்கும்போது, இந்தப் பகைவனை இதனால் வெல்லமுடியாதென உணர்ந்து அதனை எறிந்துவிட்டுத் துணைவேண்டி மன்றாடுகிறான். சாத்தான் அவனது உடலிலேயே புகுந்துகொள்கிறான். அந்தக் கைகளால் அப்பெண்ணுக்குத் தீங்கு நேராதபடி, அங்கே சரிந்து கிடந்த மிக்கேல் தேவதூதரின் சிலையிலுள்ள வாள்மீது பாய்ந்து உயிர்விடுகிறான் ஜெரிக்கோ. நள்ளிரவு கடந்துவிடுகிறது. தொடக்கத்தில் வெறுப்பினால் விட நினைத்த அதே உயிரை, முடிவில் இன்னொருத்திக்காகக் கொடுக்கிறான்.

தொல்காப்பியர் பெருமிதத்துக்குத் தறுகண்மையை மட்டும் காரணமாகச் சொல்லவில்லை. கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு சொன்னார். கொடை என்பதனுள் உயிரையும் உடம்பையும் கொடுப்பதையும் சேர்த்து உரைகண்டவர் பேராசிரியர். தறுகண்ணாற் பெருமிதம் கொண்டிருந்த ஒருவன் கொடையாற் பெருமிதம் கொள்பவனாக மாறுவதே இப்படத்தின் உயிர்நிலை. மைத்துனர் தறுகண்ணைத் தேடினார். அது கைநழுவியபோது ஏமாந்தார். மனைவி கொடையைக் கண்டார். அவருக்குப் படம் நிறைவாயிற்று.

படத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு மணித்தியாலமாக வெடிப்பையும் சூட்டையும் சுவைக்கப் பழக்கிவிட்டு, கடைசி நிமிடங்களில் அதனைக் கைவிடு என்றால் பார்ப்பவர் எப்படி உடன்படுவர்? மாசற்ற குழந்தையைக் கொன்று உலகைக் காக்கவேண்டாம் என்ற பாப்பரசரின் மறுப்பில் இம்முடிவுக்கான வித்து இருந்தது. அதற்கு நீர்வார்க்கப் படம் மறந்துவிட்டது. ஆகவே மைத்துனரின் சினத்துக்குப் படமும் பொறுப்பு.

விவிலியத்தின் அந்த இறுதி நூலுக்கு ஆங்கிலத்தில் ‘அபொகலிப்ஸ்’ என்றும் பெயர் உண்டு. இன்று அச்சொல்லைக் கேட்டதும் உலக அழிவே நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் கிரேக்க மூலத்துக்குப் பொருள் ‘திரைநீக்கம்’ என்பது. மறைந்திருந்தது வெளிப்படுதல். தமிழ்க் கிறிஸ்தவர் அந்நூலை ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றும் ‘திருவெளிப்பாடு’ என்றும் வழங்குவது எவ்வளவு பொருத்தம்! ஆயிரம் ஆண்டு கட்டுண்டிருந்த சாத்தான் சிறிது காலம் அவிழ்த்துவிடப்படுவான் என்று அந்நூலின் 20ஆம் அதிகாரம் கூறுவது உண்மை. ஆனால் 1999 என்ற ஆண்டோ, அவன் மணக்கத் தேடும் பெண்ணோ அதில் இல்லை. அவை கதாசிரியரின் கற்பனை. கிறிஸ்தவப் பார்வையாளர் சிலர் இப்படத்தை விரும்பாமைக்கு இதுவும் ஒரு நியாயமான காரணம்.

நேயர்களே, பார்வையாளர் கருத்தும் ஒருவகைத் திரைநீக்கமே. படத்தைப் பற்றி நாம் சொல்லும் சொல், எதை நாடி அதன்முன் அமர்ந்தோம் என்பதையும் சேர்த்தே வெளிப்படுத்திவிடுகிறது. அடுத்தமுறை ஒரு படத்தையோ கதையையோ ‘கூடாது’ என்று சொல்லுமுன், எனக்கு எந்த மெய்ப்பாடு வேண்டியிருந்தது, இது தந்தது எது என்று ஒருகணம் எண்ணிப்பார்ப்போமாக. துவக்கைக் கீழே வைப்பது கடினம் என்ற என் மனைவியின் கூற்றுக்கு, இந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு நான் உரை எழுதவேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மறுநாட் காலையில் தேநீர் அருந்தும்போது மைத்துனருக்கு விரித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்கள் சொல்லுறது சரிதான் அத்தான். எண்டாலும் அந்த ரயில்ச் சண்டைதான் திறம்” என்றார். அதை நான் மறுக்கவில்லை.