பிடி இருக்கிறது, உணர்வு இல்லை

சட்டைப் பொத்தானைப் போடுவதற்கும் பூட்டில் சாவியைத் திருப்புவதற்கும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதிரெதிரே வந்து பிடிக்க வேண்டும். டம்ளரைத் தூக்க நான்கு விரல்களும் அகல விரிந்து, பிறகு அடிக்கணுவில் வளைய வேண்டும். தொழுநோயால் நரம்பு கெட்டவர்களுக்கு இத்தகைய வேலைகளே பெரும்பாடு.

1873-இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, உடலில் சற்றுக் குளிர்ந்த பகுதிகளையே நாடும். தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் அதற்குத் தோதானவை. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று சுண்டுவிரல்வரை பாயுமே, அந்த அல்நார் நரம்பு அடிக்கடி பாதிக்கப்படும். உள்ளங்கையின் சிறு தசைகள் பலவற்றை இயக்குவது அதுதான். அவை செயலிழந்தால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் அடியில் பின்புறமாக வளைந்து, நுனியில் மடங்கிக்கொள்ளும். மணிக்கட்டில் உள்ள மீடியன் நரம்பும் கெட்டால் மற்ற விரல்களும் மடங்கும். கட்டைவிரல் எதிரே வராது. டம்ளரைப் பிடிக்கப் போனால் மடங்கிய நுனிகள் அதைத் தள்ளிவிடும்.

ஆனால் விரல்களை இறுக மூடும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிழைத்துவிடும். கொல்லிமலையில் பிறந்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1947-இல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கையொன்றைப் பற்றியபோது, அதன் பிடியின் வலுவைக் கண்டு திகைத்தார். உயிருள்ள தசை இருக்கிறதென்றால் அதற்கு வேறு வேலை கொடுக்கலாமே! விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பிரித்து, உள்ளங்கை வழியே செலுத்தி விரல்களில் இணைத்தால், செயலிழந்த தசையின் வேலையை அது செய்யும். புதிய வேலைக்குக் கை பழகுவதற்கு வாரக்கணக்கில் பயிற்சி தேவை.

அறுவை சிகிச்சை இயக்கத்தைத் தரும், தொடுவுணர்வைத் தராது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை நமக்குச் சொல்வது அந்த உணர்வுதான். மரத்த கைக்கு அளவு தெரியாது. திரும்பாத சாவியைத் தோல் கிழியும்வரை திருகும்; கொதிக்கும் பாத்திரத்தை விடாமல் பிடித்திருக்கும். காயம் சீழ்பிடித்து, எலும்பு அரித்து, விரல் குட்டையாகும். ஆகவே பிடியின் வலுவை அளக்கும் பிடிமானியில் எத்தனை கிலோ வருகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. நைலான் இழையால் தொட்டு உணர்வையும், பொத்தான் போடச் சொல்லிச் செயலையும் சோதிக்க வேண்டும். கைப்பிடியைத் துணி சுற்றித் தடிமனாக்குவது, அடுப்படியில் பிடிதுணி இல்லாமல் எதையும் தொடாதது, தினமும் கையை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவது, இரவில் உள்ளங்கையைக் கண்ணால் பார்த்துக் கொப்புளம் தேடுவது — இவையே அந்தக் கைக்குக் காவல்.

1982-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. செத்த நரம்பை அது மீட்காது. ஆனால் பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை கிடைத்தால் நரம்பு பல சமயம் தேறிவிடும். எனவே தோலில் உணர்வற்ற தேமல் தெரிந்தாலோ, சுண்டுவிரல் வலுவிழந்தாலோ, வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.